இருநூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர்

வானிலை அளக்கும் பயிற்சி முடிந்து அடுத்த வாரம் ஆளுக்கொரு ஊராகப் பிரியப் போகிறீர்கள். உங்களுக்கு ஊக்கமாக நாலு வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊக்கம் உங்களிடமே நிறைய இருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் நான் வேறு ஒன்று சொல்கிறேன். மேலதிகாரி சொன்னதைக் கேட்காமல் போன ஒரு நாளைப் பற்றி. முப்பது வருஷத்துக்கு மேல் வானிலை அப்சர்வராக வேலை பார்த்தேன். மற்ற நாளெல்லாம் அநேகமாகச் சொன்னபடி கேட்டவள்தான். அந்த ஒரு நாளுக்கு மட்டும் வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுக்கும்படி கேட்டார்கள். அன்றும் கொடுக்கவில்லை, இன்றும் கொடுக்கமாட்டேன்.

என் பெயர் சகாயமேரி. பழவேற்காட்டுக்காரி. என் நைனா, அதாவது அப்பா, ஏரியில் வலை போட்டவர். எங்கள் நிலையத்தைப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஏரிக்கரைக்குப் பக்கத்தில் கம்பிவேலி போட்ட ஒரு துண்டு நிலம். நடுவில் வெப்பமானிகளை வைக்கும் வெள்ளை மரப்பெட்டி, ஒரு மழைமானி, காற்றின் திசைக்கும் வேகத்துக்கும் ஒரு கம்பம். பக்கத்தில் ஓர் அறை. காலை எட்டரைக்கு ஒரு முறை, மாலை ஐந்தரைக்கு ஒரு முறை எல்லாவற்றையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதி நகரத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. என் கடைசிச் சில வருஷங்களில் அதே வேலிக்குள் ஒரு தானியங்கிக் கருவியும் வந்து நின்றது. சூரியத் தகடு, ஆன்டெனா எல்லாம் உண்டு. யாரும் தொடாமலே மணிக்கொரு தடவை மழையளவை நகரத்துக்கு அனுப்பிவிடும். அதைத் திறக்கக் கூடாது, துடைக்கக்கூடக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

கார்த்திகை மாதம். முந்தின நாள் சாயங்காலம் பிடித்த மழை விடிகிற நேரத்தில்தான் கொஞ்சம் விட்டது. எட்டரைக்கு மழைமானியைத் திறந்தேன். புனலுக்குக் கீழே தண்ணீர் சேருகிற பாட்டில் கழுத்துவரை நிரம்பி, வெளிக்கூட்டுக்குள்ளும் வழிந்து நின்றது. இத்தனை வருஷத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

அளவுக் குடுவையில் ஒரு முறைக்கு இருபது மில்லிமீட்டர் அளக்கலாம். ஒவ்வொரு குடுவைக்கும் அறை வாசற்படியில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். பத்து கோடு. பாட்டில் காலி. கூட்டுக்குள் வழிந்ததையும் ஊற்றினேன். பதினெட்டு. மொத்தம் இருநூற்றுப் பதினெட்டு.

நான் அன்று செய்த நல்ல காரியம் எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்: அளந்த தண்ணீரைத் தரையில் கொட்டவில்லை. கழுவித் துடைத்த ஒரு வாளியில் ஊற்றி வைத்தேன். நம்ப முடியாத அளவு வந்தால் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். இன்னொரு முறை முதலிலிருந்து அளந்தேன். குடுவைக்குக் குடுவை மாற்றியதில் ஒட்டிக்கொண்டு போனது போக, இருநூற்றுப் பதினேழு சொச்சம். முதலில் அளந்ததையே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. நகரத்து அலுவலகத்தில் அப்போது எனக்கு மேலே இருந்த அதிகாரி.

“மேடம், புள்ளி வைக்க மறந்துட்டீங்க. இருபத்தொண்ணு புள்ளி எட்டுதானே?”

“இல்ல சார். இருநூத்திப் பதினெட்டு.”

“பொன்னேரில நாப்பது. மீஞ்சூர்ல முப்பத்தஞ்சு. உங்க வேலிக்குள்ளயே இருக்கற மெஷின் மூணுன்னு அனுப்புது. நீங்க மட்டும் இருநூறுங்கறீங்க.”

“ரெண்டு வாட்டி அளந்துட்டேன் சார். தண்ணி இன்னும் வாளில இருக்குது. வந்து பாருங்க.”

“தண்ணியைப் பார்க்க நான் அங்க வரணுமா? இந்த மழைப் பட்டியல் இன்னும் அரை மணி நேரத்துல எல்லா இடத்துக்கும் போயாகணும். திருத்தி அனுப்புங்க.”

போனை வைத்துவிட்டு வேலிக்குள் போய்த் தானியங்கிக் கருவியைப் பார்த்தேன். தொடவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன். அதன் புனலின் விளிம்புவரை தண்ணீர் தேங்கிக் குளம் மாதிரி நின்றது. பக்கத்துச் சவுக்குத் தோப்பிலிருந்து உதிர்ந்த ஊசி இலைகளும் காக்கை எச்சமும் சேர்ந்து துளையை அடைத்திருந்தன. மழை பெய்திருக்கிறது, கருவிக்குள் இறங்கவில்லை. அந்தக் கருவி பொய் சொல்லவில்லை. தனக்குள் விழுந்ததைத்தான் சொன்னது. துடைக்க யாரையும் வைக்காதது அதன் குற்றமா? அதனால் கையால் அளப்பதுதான் உசத்தி, கருவி மட்டம் என்று நான் சொன்னதாக வெளியே போய்ப் பேசாதீர்கள்.

படம் எடுத்து அதிகாரிக்கு அனுப்பினேன். அவர் படத்தைப் பார்த்தாரா என்று தெரியாது. திரும்பவும் போன் செய்தார்.

“நீங்க திருத்தலைன்னா நாங்க மெஷின் அளவையே போட்டுடுவோம்.”

“நீங்க போடறத நான் தடுக்க முடியாது சார். ஆனா நான் எழுதினத நான் மாத்தமாட்டேன்.”

“எழுத்துல விளக்கம் கேட்பேன்.”

“கேளுங்க சார்.”

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஆனாலும் மாற்ற மாட்டேன் என்று நின்றதற்குக் காரணம் துணிச்சல் இல்லை. நான் ஒரு முறை பொய்யாக ஓர் எண்ணை எழுதியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். ஒருநாள் காலை தாமதமாக வந்தேன். எட்டரை தாண்டிவிட்டது. அப்போது காற்றழுத்தம் பார்க்கப் பாதரசக் குழாய். சுவரில்தான் தொங்கியது, என் நாற்காலியிலிருந்து நாலடி. அதில் மட்டத்தைச் சரிசெய்து, கண்ணைப் பாதரசத்தின் தலைக்கு நேராக வைத்துப் படிக்க ஐந்து நிமிஷம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிஷத்துக்குச் சோம்பி, முந்தின நாள் அளவையே கொஞ்சம் மாற்றி எழுதி அனுப்பினேன். வாசலில் நைனா. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அந்தப் பாதரசக் குழாயை அவர் கண்ணாடி என்பார்.

“இன்னா சொல்லுது கண்ணாடி?”

“நேத்து மாதிரியேதான் இருக்குது நைனா.”

காற்று எப்படி அடிக்கிறது என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேகத்தைப் பற்றி அவர்தான் எனக்குச் சொல்வார். ஆனால் அழுத்தம் இறங்குவது தோலில் தெரியாது. அதற்குத்தான் என்னிடம் வந்து கேட்டார். அவர் போன பிறகு மனசு உறுத்தி எழுந்துபோய்க் குழாயைப் பார்த்தேன். நேற்றைய அளவிலிருந்து வெகுவாக இறங்கியிருந்தது. கரைக்கு ஓடினேன். படகு கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விட்டது. மதியம் புயல் மாதிரி ஒரு காற்று. ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் படகு கவிழ்ந்து, வலைகட்ட நட்டிருந்த ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தண்ணீரில் கிடந்தார். வேறு படகுக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று அளவைச் சரியாகச் சொல்லியிருந்தாலும் அவர் போயிருக்கலாம். அது எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதுதான் என் தண்டனை.

இரண்டு நாள் கழித்து அவரிடம் உண்மையைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “நான் இன்னா உன் மூஞ்சியவா கேட்டேன்? அந்தக் கண்ணாடியத்தானே கேட்டேன்?”

சரி, கார்த்திகை மாதத்துக்கு வருவோம்.

பத்து மணிக்கு ஒரு பைக் வந்து நின்றது. பிரபு. அந்தப் பக்கத்துக் கிராம நிர்வாக அலுவலர்; எல்லோரும் வி.ஏ.ஓ. என்போம். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தலையோடு கால் நனைந்திருந்தான்.

“அக்கா, பசியாவரத்துல தண்ணி ஏறிக்கினே வருது. ஜனங்கள இந்தாண்ட கொண்டாந்துடலாம்னு பொன்னேரி தாலுகா ஆபீசுக்குப் போன் பண்ணேன். பட்டியல்ல உங்க ஊருக்கு மூணு மில்லிமீட்டர்தான் போட்டிருக்குது, மூணு மில்லிமீட்டருக்குப் போய்ப் படகு கேக்கறியான்னு திட்றாங்க.”

பசியாவரம் ஏரிக்குள் இருக்கிற தீவு. அப்போது அங்கே போய்வரப் படகுதான். வாளியைக் காட்டினேன். பதிவேட்டைக் காட்டினேன். பிரபு வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.

“நீங்க இன்னா நினைக்கறீங்க, சாயங்காலம் ஊருக்குள்ள பூந்துருமா?”

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் அளக்கிறவள். நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்வது நகரத்தில் இருப்பவர்களின் வேலை. நம்மைப் போல நூறு இடத்தில் அளந்து அனுப்புவதையும் ரேடார் படத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் கணினியில் சேர்த்துத்தான் அவர்கள் சொல்ல முடியும். அன்று காலை அவர்கள் சொல்லியிருந்தது இது: கடலோரத்தில் ஓரிரு இடங்களில் பிற்பகலிலிருந்து மீண்டும் கனமழை பெய்யலாம். அது தப்பே இல்லை. ஓரிரு இடம் என்றால் எந்த இடம் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. காலையில் அந்த ஓரிரு இடம் எங்கள் இடமாக இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு என் அளவுதான் வேண்டும். அந்த அளவைத்தான் அடித்துவிட்டு மூன்று போட்டார்கள்.

“பிரபு, வரும்னும் சொல்லமாட்டேன், வராதுன்னும் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், எழுதிக்கோ. ராத்திரி பெஞ்சது இருநூத்திப் பதினெட்டு. முகத்துவாரம் பாதிக்கு மேல மணல் அடைச்சிக் கிடக்குது, நீயே பார்த்திருக்கிற. நேத்துதான் அமாவாசை, மத்தியானத்துக்கு மேல கடல் ஏற ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் ஏறும். அதுவரைக்கும் ஏரித்தண்ணி வெளிய போவாது. மத்தியானத்துக்கு மேல மழை இன்னும் வரலாம்னு சொல்லியிருக்காங்க. நாலையும் நீயே கூட்டிக்கோ.”

அவன் கூட்டினான். முகம் மாறிவிட்டது.

“இத பேப்பர்ல எழுதிக் குடுப்பீங்களா அக்கா? நான் வாயால சொன்னா எவனும் கேக்கமாட்டான்.”

ஒரு நிமிஷம் தயங்கினேன். நிலையத்து அளவை அலுவலகத்தைத் தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. கொடுத்தால் விளக்கத்தோடு நிற்காது என்று தெரியும். காகிதத்தை எடுத்தேன். அளந்த நேரம், அளந்த அளவு, இரண்டு முறை அளந்தது, கருவியின் புனல் அடைத்திருப்பது, என் பெயர், என் கையெழுத்து. அவ்வளவுதான் எழுதினேன். மழை வரும், வெள்ளம் வரும் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அவன் அதைப் படம் பிடித்துப் பொன்னேரிக்கு அனுப்பினான். பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது: உன் பொறுப்பில் செய்.

“என் பொறுப்புதான், செய்யறேன். நீங்களும் கூட வாங்கக்கா,” என்றான். “என்னை அந்தத் தீவுல யாருக்கும் தெரியாது.”

தீவின் தலைவர் தேசப்பன் துறையிலேயே நின்றிருந்தார். வாட்டசாட்டமான ஆள், நைனாவோடு தொழில் செய்தவரின் மகன். எங்களைப் பார்த்ததும் தனியாகக் கூப்பிட்டுப் போனார்.

“சகாயம், எனக்குப் புரியுது. ஆனா இதுங்க நகராது. போன வருஷம் புயல்னு சொல்லி நாலு நாள் படகக் கட்டிப்போட்டோம். காத்துகூட அடிக்கல. இப்ப மழைன்னு சொன்னா சிரிக்கும். நீ ஒண்ணு பண்ணு. புயல் நேரா நம்ம மேல வந்துகினு இருக்குதுன்னு மைக்குல சொல்லு. உன் வாயால சொன்னா நம்புவாங்க. ஒரு மணி நேரத்துல தீவு காலி.”

காலையில் ஒருவர் குறைக்கச் சொன்னார். இப்போது ஒருவர் கூட்டச் சொல்கிறார். இவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார். அது இன்னும் கஷ்டம்.

“மாட்டேண்ணா.”

“உயிரக் காப்பாத்தறதுக்கு ஒரு பொய் சொன்னா இன்னா?”

“புயல் இல்லண்ணா. எங்கயும் இல்ல. இன்னிக்கி நான் புயல்னு சொல்லி, அது வரலன்னா, நெசமா வர்ற அன்னிக்கி உங்க வாயும் செல்லாது, என் வாயும் செல்லாது.”

“அப்ப இதுங்க சாவட்டும்ங்கறியா?” கத்திவிட்டார். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரபு என் முகத்தையே பார்த்தான். பொய் சொல்லிவிடலாமா என்று அவனுக்கும் இருந்தது, கண்ணில் தெரிந்தது. எனக்கும் இருந்தது.

என்ன சொல்வது என்று தெரியாமல்தான் தெருவில் நடந்தேன். நண்டு தரம்பிரிக்கிற கன்னியம்மா தன் வீட்டு வாசலில் தெர்மாகோல் ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீரைச் சாய்த்து ஊற்றப்போனாள். மூடியில்லாத பெட்டி. ராத்திரி முழுக்க வெளியில் கிடந்திருக்கிறது.

“கன்னிமா, ஊத்தாத!” என்று ஓடினேன். “அந்தப் பெட்டில நேத்து சாயங்காலம் தண்ணி இருந்துச்சா?”

“இல்லியே. கழுவிக் கவுத்து வெச்சேன். அப்பறம் நிமித்திக் காய வெச்சேன், மழை பூந்துகிச்சி. இன்னாக்கா, இன்னா விஷயம்?”

பெட்டியின் பக்கங்கள் நேரானவை. பானை மாதிரி புடைத்தோ பக்கெட் மாதிரி விரிந்தோ இல்லை. மழையை அளக்க அதுவே போதும். மழையளவு என்பது எத்தனை லிட்டர் என்பது இல்லை. தண்ணீர் ஓடிப் போகாமல் விழுந்த இடத்திலேயே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதுதான். சின்னப் பெட்டியாக இருந்தாலும் பெரிய ஏரியாக இருந்தாலும் அந்த உயரம் ஒன்றே.

“உன் கைய விட்டு அள,” என்றேன்.

கட்டை விரலைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து, சுண்டு விரலை நீட்டினாள். பெட்டியின் அடியைத் தொட்டது. “ஒரு சாண்,” என்றாள்.

கூட்டம் கூடிவிட்டது. தேசப்பனும் வந்துவிட்டார். நான் கத்திப் பேசவில்லை. “இந்தப் பெட்டில ஒரு சாண் நின்னா, ஏரி முழுக்க ஒரு சாண் விழுந்திருக்குது. இந்தாண்ட கரைலருந்து அந்தாண்ட கரை வரைக்கும். அது போவ வேண்டிய முகத்துவாரம் அடைச்சிக் கிடக்குது. புயல் வருதான்னு என்னைக் கேட்டா, வரல. சாயங்காலம் மழை வருமான்னு கேட்டா, வரலாம், வராமலும் போவலாம். ஆனா பெஞ்சது இது. இத நான் சொல்லல, உங்க பெட்டி சொல்லுது.”

கூட்டம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது. ஒரு பெரியவர் மட்டும், “மூணு மில்லிமீட்டர்னு டிவில போட்டானே,” என்றார்.

“அவன் வந்து கைய உடட்டும் பெட்டில,” என்றாள் கன்னியம்மா. “ஏய், சும்மா நின்னுகினு இன்னா பாக்கற? புள்ளைங்கள ஏத்து.” கடைசியில் சொன்னது தன் புருஷனைப் பார்த்து.

அவள் படகில் ஏறியதும் மற்றவர்களும் ஏறினார்கள். எல்லோரும் இல்லை. கோயில் தெருவில் சிலர் வர மறுத்தார்கள். பிரபு வீடு வீடாகப் போய்க் கெஞ்சினான். தேசப்பன் எல்லாப் படகையும் துறைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டரைக்கு மழை பிடித்தது. எதிரில் நிற்கிறவர் தெரியாத மழை. கடலும் ஏறத் தொடங்கியிருந்தது. தீவில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். நான்கரைக்கு நான் பிரபுவிடம், “நான் கிளம்பறேன்,” என்றேன்.

“இப்பவாக்கா? இந்த நேரத்துலயா?”

“அஞ்சரைக்கு அளக்கணும்.”

அவனுக்குக் கோபம் வந்தது, வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கும் அங்கிருந்து போக மனசில்லை. ஆனால் படகில் குழந்தைகளை ஏற்ற ஆயிரம் கை இருந்தது. அந்த மழையை அளக்க ஒரே ஓர் ஆள்தான். காலையில் நான் சொன்னதை நம்பாத அதிகாரிகளிடம், மாலையில் அளவே இல்லை என்றால் எதை வைத்துப் பேசுவது?

ஐந்தரைக்கு அளந்தேன். தொண்ணூற்று நான்கு. எழுதி அனுப்பினேன். இந்த முறை புள்ளி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பொன்னேரியிலிருந்து ஒரு அதிகாரி நேராக என்னையே கூப்பிட்டு, “அம்மா, உங்க அளவு என்ன?” என்று கேட்டார். சொன்னேன். அதற்கப்புறம்தான் அரசாங்கப் படகுகள் வந்தன. கோயில் தெருக்காரர்களை அவைதான் கூரைகளிலிருந்தும் பள்ளிக்கூட மாடியிலிருந்தும் இறக்கின. தாழ்வான தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. சுவர்கள் விழுந்தன, வலைகள் போயின, ஆடுகள் போயின. ஆட்கள் யாரும் போகவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் கஞ்சி வாங்க வரிசையில் நின்றபோது தேசப்பன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“புயல்னு சொல்லியிருந்தா கோயில் தெருவும் அப்பவே வந்திருக்கும்,” என்றார்.

“வந்திருக்கும்ணா.”

“ம்,” என்றார். கஞ்சியை வாங்கிக்கொண்டு, “அடுத்த வாட்டி வராது,” என்றார். அதை அவர் ஒப்புதலாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. ஆனால் கோயில் தெருவில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் செத்திருந்தால் நான் இதே தெம்போடு உங்கள் முன்னால் நின்று பேசுவேனா? தெரியாது. நான் செய்தது சரி என்று நினைக்கிறேன். அதற்கு விலையே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள்.

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மேலதிகாரியின் திருத்தத்தை ஏற்காதது ஒன்று, அனுமதியில்லாமல் அளவை வெளியாருக்கு எழுதிக் கொடுத்தது இரண்டு, நிலையத்தை விட்டுத் தீவுக்குப் போனது மூன்று. நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தால் இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒரு வரி. நான் எழுதிய பதில் இது: முதல் இரண்டையும் செய்தேன், தெரிந்தே செய்தேன். மூன்றாவதைப் பொறுத்தவரை, இரண்டு நேர அளவும் உரிய நேரத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது, பதிவேட்டைப் பார்க்கவும்.

இரண்டு வாரம் கழித்து அந்த அதிகாரியே நேரில் வந்தார். கருவியைப் பழுதுபார்க்கும் ஆளையும் கூட்டி வந்திருந்தார். அந்த ஆள் புனலைக் கழற்றிக் கவிழ்த்ததும் சவுக்கு ஊசிகள் சேறோடு கொத்தாக விழுந்தன. அதிகாரி குனிந்து பார்த்தார். அறைக்குள் வந்து பதிவேட்டைக் கேட்டார். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன்.

அவரை நான் வில்லனாகச் சொல்லவில்லை. அவருக்கு மேலேயும் ஆள் உண்டு. அனுப்பிவிட்ட பட்டியலும் பதிவேடும் ஒத்துப்போகவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். களைத்துப்போன குரலில்தான் பேசினார்.

“அம்மா, எண்ணை மாத்த வேண்டாம். பக்கத்துல சந்தேகத்துக்குரியதுன்னு மட்டும் ஒரு வார்த்தை எழுதிடுங்க. உங்க விளக்கக் கடிதத்தையும் நான் மூடிடறேன்.”

“எனக்கு அதுல சந்தேகம் இல்ல சார்.”

“ஒரு வார்த்தைதாம்மா.”

நான் என் கைப்பையில் இருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, பதிவேட்டின் மேல் வைத்தேன். “உங்களுக்குச் சந்தேகம் இருந்தா நீங்க எழுதுங்க சார். கீழ உங்க பேரு, இன்னைக்கு தேதி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

அவர் பேனாவைப் பார்த்தார். வெளியே, கழுவிய புனலை அந்த ஆள் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி கையை நீட்டி, பேனாவின் மூடியைத் தானே மாட்டி, என் பக்கம் நகர்த்தி வைத்தார். பதிவேட்டை மூடினார். “டீ கிடைக்குமா இங்க?” என்று கேட்டார்.

நகரத்துப் பட்டியலில் அந்த நாளுக்கு இன்றைக்கும் மூன்றுதான் இருக்கிறது என்று கேள்வி. பதிவேட்டில் இருநூற்றுப் பதினெட்டு இருக்கிறது. நீங்கள் எழுதிய எண்ணை அடிக்கச் சொல்லி யாராவது உங்கள் மேஜைக்கு வந்து நின்றால், வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். பேனாவை எடுத்து அவர் கையில் கொடுங்கள்.